வெயிலுக்குப் போட்ட முக்காடு

ஊக்கு தோளில் உறுத்துகிறது. காலையில் குத்தும்போதே ஆழமாகப் போய்விட்டது. முந்தானையோடு ரவிக்கையையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இருக்கட்டும். முந்தானை தலைக்குப் போகக் கூடாது என்றுதானே குத்தியது. என் கைக்குச் சொன்னால் புரியாது. கண்ணை மூடினால் அது தானாக முந்தானையைத் தேடிப் போய்த் தலைக்கு இழுக்கும், அதற்குப் பிறகுதான் வாய் ஜெபத்தைத் தொடங்கும். இத்தனை வருஷப் பழக்கம். இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் கை அங்கே போகாமல் இருந்தால் வீடு எனக்கு. போனால் வீட்டுக்குப் பூட்டு. இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை வந்து வாசற்படியில் நின்றபடி இதைத்தான் சொன்னார், நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நம்ம ஆள் ஒருத்தர் உங்க வாசல்ல இருப்பாங்கம்மா. கதவு தொறந்தே இருக்கணும். கூட்டம் ஜெபம் எதுவும் நடக்கலைன்னா மத்தியானம் நானே வந்து, இது குடியிருக்கிற வீடுதான்னு எழுதி விஷயத்தை முடிச்சிடறேன். நடந்தா என் கையில இல்ல. தாசில்தார் ஆபீஸ்ல இருந்து பூட்டோட வருவாங்க." பிறகு கூட வந்த போலீஸ்காரப் பெண்ணிடம், நான் பக்கத்தில் இல்லாத மாதிரி, "இவங்க முக்காடு போட்டாத்தான் ஜெபம். அதை மட்டும் பாத்துக்க" என்றார். எங்களை இவ்வளவு கூர்ந்து கவனித்தவர் வேறு யாரும் கிடையாது. போன மாதம் ஆராதனை நடுவில் அவர் வந்து நின்றபோது கூடம் முழுக்க வெள்ளைச் சேலை மூடிய தலைகள். "யாரு இங்க பாஸ்டர்?" என்று கேட்டதும் ஒவ்வொரு தலையிலிருந்தும் சேலை இறங்கியது, காற்றடித்த மாதிரி, முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் சுவர் வரைக்கும். என்னுடையதும் இறங்கியது. அன்றைக்கு யாரும் இறக்கச் சொல்லவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், படித்துவிட்டார்.

கை சும்மா இருந்தால் தோளுக்குத்தான் போகிறது. மற்ற நாளென்றால் பனியன் கம்பெனிக்காரன் கொண்டுவந்து போடும் மூட்டை இருக்கும், சின்னக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு பிசிறு வெட்டிக்கொண்டிருப்பேன், ஒரு சட்டைக்கு இத்தனை நூல் என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதில்லை. அதனால் ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டி மடியில் வைத்துக்கொண்டேன். கல் பொறுக்குவது வேலையா என்ன. கண் குனிந்திருக்கிறது, விரல் போய் வருகிறது, கறுப்பாகத் தெரிந்தால் எடுத்துத் தரையில் போடுகிறேன். வீடு கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் வாசல் வழியாக வந்து பின்சுவர் வரைக்கும் நீண்டு கிடந்தது, அங்கே கலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாக, புதுச் சுண்ணாம்பு மாதிரித் தெரிந்தது. வசனம் போட்ட கலண்டர். அதையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கழற்றியதும் அந்த இடம்தான் முன்னைவிட எடுப்பாகத் தெரிகிறது. இப்போது வெயில் சுவரைவிட்டு இறங்கித் தரைக்கு வந்துவிட்டது, கூடத்தின் பாதியில் இருக்கிறது. சுவரில் இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் மேலே எண்ணெய்க் கறை ஒரு கோடாக ஓடுகிறது, ஜனங்கள் பாயில் உட்கார்ந்து தலையைச் சாய்த்த கோடு. வெள்ளையடித்தாலும் இரண்டு வாரத்தில் மேலே வந்துவிடும். இவர், என் வீட்டுக்காரர், அதைப் பார்த்து, "மரகதம், இந்தச் சுவத்துக்கே தலை வாரிப் பூ வெக்கலாம் போ" என்பார். சபைக்கு வந்த பிறகு பூ வைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம், அதனால் அதில் ஒரு கேலி. கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சுவரை அவர்தான் இடித்தார், ஆள் கூப்பிடாமல், கம்பெனி லீவு நாட்களில், கடப்பாரையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாக. இடித்து முடித்த அன்றைக்கு இரண்டு பேரும் இந்த முனையிலும் அந்த முனையிலும் நின்று, "கேக்குதா?", "கேக்குதுங்க" என்று கத்திப் பார்த்துக்கொண்டோம். கேக்குதா. இப்போது அப்படிக் கேட்டால் ஆண்டவரே, என்ன பதில், இல்லை, இது பேச்சு, இது ஜெபம் இல்லை, நிறுத்து. அரிசியைப் பார். கல். இது கல் இல்லை, உமி.

இதுதான் எனக்குத் தெரியாமல் போனது. முந்தானையை ஊக்கால் பிடித்துவிடலாம், உள்ளே ஓடுவதை எதைக் கொண்டு பிடிப்பது. பால் பொங்கினால் ஆண்டவரே, கால் இடறினால் ஆண்டவரே, அவர் பாட்டுக்கு உள்ளே ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். காலையில் அடுப்படியில் வாய் தவறி வந்துவிட்டது. உடனே வாசலைப் பார்த்தேன், திருடின மாதிரி. போலீஸ்காரப் பெண் அப்போது வந்திருக்கவில்லை. தலையை மூடாமல் பெண்கள் செய்கிற ஜெபம் ஜெபமாகாது என்று பாஸ்டர் தவசியப்பன் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கினார். அவர் கணக்குப்படி பார்த்தால் காலையிலிருந்து நான் ஜெபம் எதுவும் செய்யவில்லை. இன்ஸ்பெக்டர் கணக்குப்படியும் செய்யவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான் போலிருக்கிறது. ஆனால் இப்படி இருந்து எனக்குப் பழக்கமில்லை. இவர் செத்த பிறகு வீடு காலி என்று எல்லோரும் சொன்னார்கள், பையன் கோயம்புத்தூருக்கே வந்துவிடு என்றான். நான் காலி என்று நினைக்கவில்லை. பேச ஆள் இருந்தது. இன்றைக்குத்தான் அந்த ஆளிடமும் மதியம் வரைக்கும் பேசக் கூடாது என்று ஊக்குக் குத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மின்விசிறி கிறீச் கிறீச் என்கிறது. ஆராதனை நேரத்தில் இந்தச் சத்தம் இருந்ததா? இருந்திருக்கும். கைத்தட்டலில் கேட்டிருக்காது. தம்பூரினைப் பரண்மேல் துணியில் சுற்றி வைத்துவிட்டேன், வைக்கும்போது அது ஒரு தடவை ஜல் என்றது, அந்தச் சின்னச் சத்தத்துக்கு அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டில், என் பரணில்.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" வாசலில் அந்தப் பெண். சட்டையில் கார்குழலி என்று பெயர் எழுதியிருக்கிறது. பேச்சைக் கேட்டால் வடக்கே, விழுப்புரம் பக்கம் மாதிரி இருக்கிறது. காலையில் வந்ததும் உட்கார எதுவும் இல்லாமல் புங்கமரத்தடியில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள், என்னுடைய சிவப்பு நாற்காலியைத்தான் கொண்டுபோய்ப் போட்டேன். எழுந்தேன், சொம்பை எடுத்தேன், குடத்தில் விட்டேன், அப்புறம் நின்றுவிட்டேன். எங்கள்மேல் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் அதையும் எழுதியிருந்தார்கள். டீயும் பன்னும் கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்று. ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு டீ, பிள்ளைகளுக்கு பன், அவ்வளவுதான். அது இப்படி எழுத்தில் வந்தபோது எனக்கே படிக்க ஏதோ பெரிய சதி மாதிரித்தான் இருந்தது. ஒலிபெருக்கி வைத்து இடைஞ்சல் செய்கிறோம் என்றும் இருந்தது. ஒலிபெருக்கி எங்களிடம் கிடையாது, பாஸ்டருடைய தொண்டைதான். சொம்போடு நான் நிற்பதை அவள் பார்த்துவிட்டாள். "என்னம்மா, தண்ணி குடுத்தா நான் மதம் மாறிடுவேன்னு பயமா? குழாத் தண்ணிதானே? எங்க ஸ்டேஷன்ல உப்புத் தண்ணிம்மா, அதைக் குடிச்சே மாறலை நானு." சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது. "அப்படியில்ல கண்ணு. நாளைக்கு உன்னைக் கேட்டா?" என்றேன். "கேட்டா குடிச்சேன்னு சொல்றேன். இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" அண்ணாந்து கடகடவென்று குடித்தாள், கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "இவ்ளோ பெரிய கூடம், நீங்க ஒரே ஆளாம்மா?" என்றாள். போலீஸ்காரி கேட்ட கேள்வியா, சும்மா கேட்ட கேள்வியா என்று யோசித்தேன். "ஒரே ஆளுதான்" என்றேன். இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

நிழல் நகர நகர அவள் நாற்காலியை நகர்த்துகிறாள், கால் தரையில் இழுபடுகிற சத்தம். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கனகம் துணி உலர்த்த வந்தாள். வந்தவள் இந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கலாம், பார்த்தாள். "இன்னிக்கி ஒரே அமைதியா இருக்குதுங்க மரகதக்கா. நான் கெழமையே மறந்துட்டேன் போங்க. எப்பவும் உங்க பாட்டு ஆரம்பிச்சாத்தான் கறிக்கு மசாலை அரைப்பேன்." நான் லீதியாள் என்று பெயர் மாறி இத்தனை வருஷமாகியும் கனகத்துக்கு மரகதக்காதான். பைபிளில் தன் வீட்டைச் சபைக்குத் திறந்துவிட்ட ஒரு பெண்ணுடைய பெயர் என்று சொல்லித்தான் பாஸ்டர் அந்தப் பெயரை எனக்குப் போட்டார். புகாரில் கனகத்தின் கையெழுத்தும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், நான் பார்க்கவில்லை, பார்க்க வேண்டாம் என்றும் நினைத்துக்கொண்டேன். துண்டு போட்ட நாலு பேர் வண்டியில் வீடு வீடாக வந்து கையெழுத்துக் கேட்டபோது, போடாமல் இருந்தால் அவளுக்கும் தொந்தரவுதான். கைத்தட்டுகிற சத்தம் அவள் மாமனாருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது, அதுவும் உண்மைதான். "மசாலையை அரைச்சுப் போடு கனகு, நேரமாச்சு" என்றேன். அவளுக்கு முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. "நானா ஒண்ணும் சொல்லலைங்கக்கா" என்றாள், நான் எதுவும் கேட்காமலே. உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அம்மிச் சத்தம், அதுவும் மெதுவாக.

கனகத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் எங்கள் சபை ஆட்கள்மேல்தான். பூங்கோதை காலையில் இந்த வழியாகத்தான் போனாள், புருஷன் வண்டியின் பின்னால், வெள்ளைச் சேலையில். வேறு ஊர்ச் சபைக்குப் பஸ் பிடிக்கப் போகிறார்கள் போலிருக்கிறது, பஸ் ஸ்டாண்டுக்கு இந்தச் சந்து சுற்றுவழி. பழக்கத்தில் வந்திருப்பார்கள், வண்டி இந்த வாசலுக்கு நேராக வந்ததும் மெதுவானது, அப்புறம் வேகம் எடுத்தது. அவள் மடியில் பை, பைக்குமேல் இரண்டு கை. திரும்பவில்லை. பிரசவத்துக்கு ஆள் இல்லாமல் அவள் இந்தக் கூடத்தில் படுத்திருந்தாளே, அந்த மூலையில், இப்போது பாய்கள் சுருட்டி நிற்கிற இடத்தில். திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் என்ன, பார்வைக்கெல்லாம் கேஸ் போட மாட்டார்கள். போட்டாலும் போடுவார்கள். அவள் புருஷனுக்குக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை, முதலாளி கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அத்தனை பேருக்கும் ஒவ்வொன்று இருக்கிறது. ஒருத்தருக்கு வேலை, ஒருத்தருக்கு ஜாதிச் சான்றிதழ், ஒருத்தருக்குப் பெண் கல்யாணம். எனக்கு இந்த வீடு ஒன்றுதான், அதனால்தான் எல்லாம் இதன்மேல் வந்து நிற்கிறது. பாஸ்டர் போனில் பேசினார். ஸ்டேஷன் எல்லைக்குள் வரக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், மாமனார் ஊரில் இருக்கிறார், பின்னால் கோழி கூவுவது கேட்டது. "சிஸ்டர், நீங்க என்ன முடிவெடுத்தாலும் கர்த்தர் ஏத்துக்குவார்" என்றார். பிரசங்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு வழிதான் என்று சொல்கிறவர், போனில் எந்த வழியானாலும் சரி என்கிறார். தைரியம் சொல்கிறாரா, கைகழுவுகிறாரா என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பையன் எபி பேசினது இன்னும் சுருக்கம். "ஒரு வார்த்தைம்மா. இங்க ஜெபம் நடக்காதுன்னு ஒரு வார்த்தை. சொல்லிட்டு அப்பறம் நீ மனசுக்குள்ள என்ன வேணா பண்ணு. அப்பா கட்டுன வீடும்மா." அப்பா கட்டின வீடு. அப்பா இடித்த சுவர். அதை ஏன் இடித்தார் என்று கேட்க நினைத்தேன். பையன் சொல்வதும் சரிதான். யாருக்காக? வராத ஜனங்களுக்காகவா? வந்தால் பூட்டு, வராவிட்டால் வீடு. அவர்கள் வராமல் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்கள், அப்படியும் சொல்லலாம். சொல்லிப் பார்க்கிறேன், வாயை அசைக்காமல். இங்கே ஜெபம் நடக்காதுங்க. சுலபமாகத்தான் இருக்கிறது. இங்கே ஜெபம் நடக்காதுங்க, நான் ஒரே ஆளுங்க. இரண்டாவது பாதியைச் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கிறது, பாவமாக, அவர் உடனே சரி என்று சொல்லிவிடுவார். மறுபடியும். இங்கே ஜெபம். கல் ஒன்று விரலில் நெருடுகிறது, எடுத்துப் போடுகிறேன். இங்கே ஜெபம் நடக்காதுங்க. இன்னும் கொஞ்ச நேரம். வெயில் வாசற்படிக்கே போய்விட்டது, படியின்மேல் ஒரு விரல் அகலத்துக்குக் கிடக்கிறது. கூடம் முழுக்க நிழல். சோறு வைக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு கைப்பிடி. முறத்தில் இருப்பதைப் பார்த்தால் நாற்பது பேருக்குப் பொறுக்கி வைத்திருக்கிறேன்.

மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் வருகிறது. முதலில் அது தூரத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறகு பக்கத்தில், வேகத்தடையில் ஒரு நொடி அடங்கி, மறுபடி. அப்படி ஒன்றுக்குள் இருந்து ரோட்டைப் பார்த்தவள் நான். இவர் படுத்திருந்தார், மூக்கில் குழாய், என் விரல் அவர் கட்டைவிரலைப் பிடித்திருந்தது, பின்கதவுக் கண்ணாடியில் ரோடு எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடையில் நின்றவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், வண்டியை ஓரங்கட்டினவர்கள், ஒவ்வொரு முகமாகத் திரும்பி எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நான் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். யாராவது ஒருத்தர், எங்களைத் தெரியாத யாராவது ஒருத்தர், ஐயோ பாவம் யாரோ, காப்பாத்து சாமி என்று எந்தச் சாமியிடமாவது சொல்லியிருப்பார்களா என்று தேடினேன். சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. இவருடைய கட்டைவிரல் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே குளிர்ந்துவிட்டது. அதிலிருந்து எந்த ஆம்புலன்ஸ் போனாலும், நடந்துகொண்டிருந்தால் நின்று, பஸ்ஸில் இருந்தால் இருந்த இடத்தில், சண்டை போட்டுக்கொண்டிருந்தால் பாதியில் விட்டு, உள்ளே இருக்கிறவர்களுக்காக ஒரு ஜெபம். அவர்கள் யாரென்று தெரியாது, அவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. டர்ரென்று ஒரு சத்தம். மடியிலிருந்து முறம் போய்விட்டது, அரிசி தரையெல்லாம் ஓடுகிறது. ஆண்டவரே உள்ளே இருக்கிற உயிரைக் காப்பாற்றும், கூட இருக்கிறவர்களுக்கு மனதைக் கொடும், டிரைவருக்கு வழியைக் கொடும், கண் மூடியிருக்கிறது, தலை கனமாக இருக்கிறது, சத்தம் ஆஸ்பத்திரி ரோட்டில் திரும்பித் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகிறவரைக்கும் நான் அதனோடேயே போனேன். ஆமென் என்று கண்ணைத் திறந்தபோது ஊக்கு ரவிக்கையைக் கிழித்துக்கொண்டு வாய் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. முந்தானை தலையில் இருந்தது. கார்குழலி நாற்காலியிலிருந்து எழுந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறக்கிவிடலாம் என்று தோன்றியது. போன மாதம் இறக்கின மாதிரி. அதற்குள் ஜீப் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் இறங்கினார், பின்னால் தாசில்தார் ஆபீஸ் ஆள் ஒருத்தர், கையில் மஞ்சள் பை. பைக்குள் பூட்டின் கனம் தெரிந்தது. "என்ன கார்குழலி?" "ஒண்ணுமில்ல சார். யாரும் வரலை. அம்மா அரிசியில கல்லு பொறுக்கிட்டு இருந்தாங்க." அவர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அரிசியை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்தார், என் தலையைப் பார்த்தார். "முக்காடு?" கார்குழலி மூச்சுவிடாமல் சொன்னாள். "வெயிலுக்குப் போட்டாங்க சார்." இன்ஸ்பெக்டர் கூடத்தைப் பார்த்தார், வாசற்படியைப் பார்த்தார், அங்கே படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். அவருக்குக் கண் நன்றாகவே தெரியும். "வெயில் இன்னைக்கு ஜாஸ்திதான்" என்றார். "அப்படித்தானேம்மா?" தலையை ஆட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம். எல்லோரும் சேர்ந்து ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், இந்தப் பெண், இவர், போனில் பாஸ்டர், பையன், நான் நுழைந்துவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த ஆம்புலன்ஸில் பின்கதவுக் கண்ணாடி வழியாக ஒருத்தி பார்த்துக்கொண்டு போயிருப்பாள், யாராவது நினைத்தார்களா என்று. நான் நினைத்தேன். வெயிலுக்கு என்று சொன்னால் அவளை யாருமே நினைக்கவில்லை என்று ஆகிவிடும்.

"வெயில் உள்ள வரலைங்க" என்றேன். "அந்தப் புள்ளைக்குத் தெரியாது, பாவம், அதைத் திட்டாதீங்க. ஆம்புலன்ஸ் போச்சுங்க. உள்ள இருக்கறவங்களுக்காக ஜெபம் பண்ணுனேன்." "யாரு உள்ள?" "தெரியலைங்க." இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "ஏம்மா, தனி ஆள் உக்காந்து கும்பிடறதை எவன் கேட்டான்? அதை நான் எழுதவே இல்ல. அடுத்த வாரம் யாராச்சும் வந்தா உள்ள விட மாட்டேன்னு மட்டும் சொல்லுங்க. இன்னைக்கு ஒருத்தராச்சும் வந்தாங்களா? எட்டிப் பாத்தாங்களா? வராத ஜனத்துக்காக நீங்க எதுக்கு வீட்டை விடணும்?" காலையிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்ததையே அவர் கேட்டார், வார்த்தைகூட மாறவில்லை. இன்னொருத்தர் வாயில் கேட்டபோது அது என் கேள்வி மாதிரி இல்லை. "வந்தா கதவு தொறந்திருக்குமுங்க" என்றேன். "நீங்கதானே தொறந்து வெக்கச் சொன்னீங்க." கார்குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் சுவரில் இருந்த எண்ணெய்க் கோட்டையே பார்த்தார். பிறகு, "வேணுங்கறதை எடுத்துக்கங்கம்மா" என்றார்.

மாத்திரை, கண்ணாடி, கத்தரிக்கோல், இரண்டு சேலை. வேறு என்ன எடுப்பது என்று தெரியவில்லை. கார்குழலி குனிந்து அரிசியை முறத்தில் வாரிக்கொண்டிருந்தாள், தரையில் கிடந்த கல்லும் சேர்ந்து வந்தது. காலையிலிருந்து பொறுக்கியது எல்லாம் மறுபடி ஒன்றாகிவிட்டது. "விடு கண்ணு" என்றேன். "ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்றாள் நிமிராமலே, கோபமாக. கனகத்தின் வீட்டில் அம்மிச் சத்தம் நின்றிருந்தது. ஜன்னலில் அவள் நிழல் தெரிந்தது, வெளியே வரவில்லை. தாசில்தார் ஆபீஸ் ஆள் கதவைச் சாத்தினார், கதவு கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும், அவருக்குத் தெரியவில்லை, நான்தான் தூக்கிக் கொடுத்தேன். பூட்டு விழுந்தது. துணி சுற்றினார், அரக்கு உருக்கினார், முத்திரை வைத்தார். ஜீப் கிளம்பியது. கார்குழலியை மட்டும், பையன் வண்டி எடுத்து வருகிறவரைக்கும் கூட இருக்கட்டும் என்று நிறுத்திவிட்டுப் போனார்கள். அவள் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்து, "உக்காருங்கம்மா" என்றாள். உட்கார்ந்தேன். மரத்து நிழல் நாற்காலியை விட்டு நகர்ந்து போயிருந்தது, நேர் உச்சியில் வெயில். முந்தானை எப்போது தலையிலிருந்து சரிந்தது என்று தெரியவில்லை. இழுத்து மூடிக்கொண்டு கண்ணை மூடினேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தாள். வெயிலுக்கா என்று கேட்கவில்லை.